கொழும்பின் சித்திரை மழை கிழக்கிலிருந்து வருகிறது

மழை வருமா என்று பார்க்கக் கொழும்புக்காரர் கடலைப் பார்ப்பார். வெள்ளவத்தை மரைன் டிரைவில் நிற்பவரும், பம்பலப்பிட்டித் தொடர்மாடியில் உடுப்புக் காயப்போட வந்தவரும், காலிமுகத்திடலில் இறால் வடை தின்பவரும் ஒரே திசையைத்தான் பார்க்கிறார்கள். ஜூன் மாதத்தில் அது நல்ல பழக்கம். மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே முற்பகுதி வரை அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த நாட்களில் கடல் பளிங்குபோலக் கிடக்கும். மேற்கு வானத்தில் ஒரு பொட்டு முகிலும் இருக்காது. அதே நேரத்தில் முதுகுப் பக்கம், கடுவெலைக்கும் அவிசாவளைக்கும் மேலே, 15 கிலோமீற்றர் உயரத்துக்கு முகில் எழும்பி நிற்கும். பிற்பகல் நான்கு மணிக்கு நனைந்துபோனவர்கள் ‘திடீரென்று வந்துவிட்டது’ என்பார்கள். அது காலை பத்து மணியிலிருந்தே தயாராகிக்கொண்டிருந்தது.

வளிமண்டலவியல் திணைக்களம் இலங்கையின் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது: மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப் பருவப்பெயர்ச்சி, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல், ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப் பருவம், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ். கொழும்பில் ஜனவரி மழை 60 மில்லிமீற்றர் அளவில் நின்றுவிடுகிறது. மார்ச்சில் அது ஏறக்குறைய 130, ஏப்ரலில் 245 என்று ஏறி, மே மாதத்தில் 400ஐ நெருங்குகிறது. ஆகவே சித்திரையை வெயில் மாதம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஜூலை, ஓகஸ்ட் இரண்டிலும் பெய்வதைக் கூட்டினால்தான் ஏப்ரல் என்னும் இந்த ஒரு மாத மழைக்கு ஈடாகும்.

வெயிலும் பொய்யில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5 முதல் 15 வரையிலான நாட்களில் சூரியன் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனை வரை இலங்கையின் தலைக்கு நேர் மேலாகக் கடந்து போகிறது. கொழும்புக்கு அந்த நாள் ஏப்ரல் 7ஐ ஒட்டி வரும். நண்பகல் 12.10ஐத் தாண்டிய சில நிமிடங்களில், நட்ட கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். சென்னைக்கு இதே நிலை ஏப்ரல் கடைசி வாரத்தில்தான் வருகிறது. தமிழகத் தொலைக்காட்சியில் மே மாதம் அக்கினி நட்சத்திரம் என்று அலறுவதைக் கேட்டு, இங்கே இருக்கும் நாமும் மே மாதத்துக்குப் பயப்படுகிறோம். தேவையில்லாத பயம். மே நடுப்பகுதிக்குள் கொழும்பில் தென்மேல் காற்றின் முன்னோடி மழை தொடங்கிவிடும். நமது கத்திரி சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னுமான நாட்களிலேயே முடிந்துவிடுகிறது.

வெப்பமானியை மட்டும் பார்த்தால் கொழும்பு பெரிய சூடான நகரமே அல்ல. ஏப்ரல் பகலின் சராசரி உச்சம் 32 பாகை செல்சியஸ் அளவுதான். 38, 40 என்று போகும் ஊர்களின் வாசகர்கள் சிரிப்பார்கள். ஆனால் இங்கே காற்றில் நீராவி நிறைந்திருக்கிறது. 32 பாகையும் 70 சதவீத ஈரப்பதனும் சேர்ந்தால் உடல் உணர்வது 40 பாகையைத் தாண்டிவிடும். வியர்வை வருகிறது, காயவில்லை; காயாத வியர்வை உடலைக் குளிரவைப்பதில்லை. இதைத்தான் வெப்பச் சுட்டெண் என்று திணைக்களம் இந்த மாதங்களில் தனி எச்சரிக்கையாக வெளியிடுகிறது. இரவும் கைகொடுப்பதில்லை. இலங்கைக்கு மேற்கே உள்ள கடல் ஆண்டிலேயே மிகவும் சூடாக இருப்பது ஏப்ரல், மே மாதங்களில்தான். மேற்பரப்பு 30 பாகையைத் தொடும். அத்தனை சூடான நீரின் அருகில் படுத்திருக்கும் நகரம் எப்படி இரவில் ஆறும்? கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடுகளில், தகரக் கூரையின் கீழ், மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசுகிறது.

இந்தச் சூடான கடல்தான் மழைக்கு நீரைத் தருகிறது. ஆனால் மழையாக்கும் வேலை வேறிடத்தில் நடக்கிறது.

வடகீழ்க் காற்றான வாடை மார்ச்சில் ஓய்ந்துவிடுகிறது. தென்மேல் காற்றான சோளகம் இன்னும் பிறக்கவில்லை. பெரிய காற்று இரண்டும் இல்லாத இந்த இடைவெளியில் உள்ளூர்க் காற்றுக்கு அதிகாரம் வந்துவிடுகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்குள் தரை கடலைவிட வேகமாகச் சூடாகிறது. தரைமேல் உள்ள காற்று இலேசாகி மேலெழ, கடலிலிருந்து கனமான ஈரக் காற்று உள்ளே நுழைகிறது. கொழும்புக்காரர் அறிந்த கடற்காற்று இதுதான். முற்பகல் பத்து, பதினொரு மணிக்குக் கரையைத் தாண்டும் இந்தக் காற்று அங்கேயே நிற்பதில்லை. மருதானை, நுகேகொடை, கடுவெலை என்று உள்ளே நகர்ந்து, பிற்பகலுக்குள் 40, 50 கிலோமீற்றர் போய்விடும். அதன் முன் விளிம்பில் குளிர்ந்த ஈரக் காற்று, சூடேறிய தரைக்காற்றை அடியில் புகுந்து தூக்குகிறது.

இலங்கை ஒரு தீவு என்பது இங்கே முக்கியமாகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலும் இதே நேரத்தில் இதே வேலை நடக்கிறது. அங்கே கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வருகிறது. கொழும்பின் அகலாங்கில் தீவின் அகலம் 200 கிலோமீற்றர் சொச்சம்தான். இரண்டு பக்கத்துக் காற்றும் ஒன்றையொன்று நோக்கி நகர, நடுவே மத்திய மலைநாடு எழுந்து நிற்கிறது. மேற்குச் சரிவில் ஏறும் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. கொழும்பின் உயர்ந்த கட்டடங்களிலிருந்து மழை கழுவிய காலையில் சிவனொளிபாதமலையின் கூர்முனை தெரிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். தூரம் ஏறக்குறைய 70 கிலோமீற்றர், உயரம் 2,243 மீற்றர். அந்த மலைக்கும் நமக்கும் இடைப்பட்ட நிலம், அதாவது அவிசாவளை, எஹெலியகொடை, இரத்தினபுரி, கேகாலை, கித்துல்கலை, ஏப்ரல் மாத இடிமழையின் பட்டறை. திணைக்களத்தின் ஏப்ரல் முன்னறிவிப்புகளில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சப்ரகமுவ மாகாணத்தின் பெயர் நாள்தோறும் வருவதற்குக் காரணம் இதுவே.

மேலெழும் காற்று ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் உயரத்தில் குளிர்ந்து முகிலாகிறது. நீராவி நீராக மாறும்போது மறைவெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் இலேசாக்கி இன்னும் மேலே தள்ளுகிறது. தன் எரிபொருளைத் தானே உண்டாக்கிக்கொண்டு உயரும் முகில் இது. பாடசாலைப் புவியியலில் மேற்காவுகை மழை என்று படித்தது இதைத்தான். ஐந்து கிலோமீற்றர் உயரத்தில் உறைநிலையைத் தாண்டி, பதினைந்து கிலோமீற்றரை எட்டியதும் அதற்கு மேல் ஏற இடமில்லாமல் முகிலின் தலை தட்டையாக விரிகிறது. பெயர் திரள் கார்முகில்.

விரிந்த அந்தத் தலைதான் கொழும்புக்குக் கிடைக்கும் முதல் தகவல். இந்த மாதங்களில் நடு உயரங்களிலும் மேலேயும் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காக, மெதுவாக வீசுகிறது. எனவே முகிலின் உச்சி நம் பக்கம் சாய்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு வெயில் வெள்ளைத் துணியால் வடிகட்டினதுபோல மங்கினால், உள்நாட்டில் மழை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு கடற்காற்று சோர்ந்து நிற்கும். புழுக்கம் தாங்க முடியாத அந்த அரைமணி நேரத்தைப் பற்றித்தான் கொழும்பில் எல்லாரும் எல்லாரிடமும் முறையிடுகிறார்கள். அடுத்தது, கிழக்கிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று குப்பையையும் இலைகளையும் வாரிக்கொண்டு வரும். மழைத்துளிகளோடு முகிலுக்குள்ளிருந்து கீழே விழுந்து, தரையில் மோதிப் பரவிய காற்று அது. சில நிமிடங்களில் வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கிவிடும். அதன் பின்னால் மழை.

அந்தக் குளிர் காற்று செய்யும் இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். தனியாக ஒரு இடிமுகில் அரைமணி, ஒருமணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. ஆனால் அது இறக்கிய குளிர் காற்று பக்கத்தில் உள்ள சூடான காற்றைத் தூக்கிப் புதிய முகிலை உண்டாக்குகிறது. ஒன்று செத்து மற்றொன்றைப் பெற்று, அந்த வரிசை மேற்கே நகர்ந்து வருகிறது. அவிசாவளையில் மூன்று மணிக்குப் பெய்த முகிலும் பத்தரமுல்லையில் ஐந்து மணிக்குப் பெய்த முகிலும் ஒன்றல்ல. இரண்டாவது முதலாவதன் பிள்ளை, அல்லது பேரப்பிள்ளை.

சில நாட்களில் இந்தப் பரம்பரை கரை வரை வந்து சேர்வதில்லை. கடுவெலையில் கொட்டித் தீர்க்கும். வெள்ளவத்தையில் குளிர் காற்று மட்டும் வந்து திரைச்சீலையை ஆட்டிவிட்டுப் போகும். காலையிலிருந்து வீசிய கடற்காற்று, கரையோரத்தின் சில கிலோமீற்றர் நிலத்தை ஒப்பளவில் குளிர்வித்து வைத்திருக்கிறது. அடியில் குளிர்ந்த காற்று கிடந்தால் முகிலுக்கு மேலெழும் சக்தி குறைகிறது. நமக்குப் பகலில் ஆறுதல் தரும் அதே காற்றுத்தான் மாலை மழையைத் தடுத்துவிடுகிறது. கரைவாசிகள் ‘முன்னறிவிப்புப் பொய்த்துவிட்டது’ என்று திணைக்களத்தைத் திட்டுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நாட்களில்தான். நியாயமில்லாத திட்டு. மேல் மாகாணம் என்றால் கொழும்பு, கம்பஹா, களுத்துறை மூன்று மாவட்டங்கள். இடிமுகில் ஒன்றின் மழை விழும் பரப்போ சில கிலோமீற்றர் அகலம். அது கொலன்னாவையில் விழுமா, கிருலப்பனையில் விழுமா என்று காலை ஐந்தரை மணி அறிவித்தலில் எவராலும் சொல்ல முடியாது. ‘சில இடங்களில்’, ‘பிற்பகல் 1 மணிக்குப் பின்னர்’ என்னும் இரண்டு சொற்றொடர்களையும் மழுப்பல் என்று எண்ண வேண்டாம். அறிவியல் அனுமதிக்கும் அளவுக்கு மிகத் துல்லியமாக அவை எழுதப்பட்டிருக்கின்றன.

மின்னலுக்கு வருவோம். உறைநிலை தொடங்கும் உயரத்துக்கு மேலே, வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 10 முதல் 20 பாகை வரை இருக்கும் உயரத்தில், மூன்று வகைப் பொருட்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன: இலேசான பனிப் பளிங்குகள், கனமான சிறு ஆலங்கட்டி உருண்டைகள், உறையாமலே அதிகுளிர்ந்த நீர்த்துளிகள். வேகமாக மேலெழும் காற்று பளிங்குகளைத் தூக்கிச் செல்ல, ஆலங்கட்டிகள் விழ, இரண்டும் உரசி மின்னேற்றத்தைப் பரிமாறிக்கொள்கின்றன. முகிலின் உச்சியில் நேர் ஏற்றமும் நடுவிலும் கீழும் மறை ஏற்றமும் சேர்கின்றன. காற்றின் தடையை மீறும் அளவுக்கு அந்த வேறுபாடு வளர்ந்ததும் மின்னல். அதன் பாதையில் காற்று ஒரு கணத்தில் 30,000 பாகை வரை, சூரியனின் மேற்பரப்பைவிடப் பல மடங்கு, சூடாகி வெடிக்கிறது. அந்த வெடிப்புத்தான் இடி.

இதிலிருந்து கொழும்பு மழையின் ஒரு விநோதம் விளங்குகிறது. ஜூன் மாதத்தில் நாட்கணக்காகப் பெய்யும் தென்மேல் மழையில் இடி அபூர்வம். மழை அதிகம், சத்தம் குறைவு. தென்மேல் பருவத்தில் காற்று பலமாக, நிலையாக, கிடையாக வீசுகிறது; முகில்கள் அகலமானவை, ஆனால் அவற்றுக்குள் மேலெழும் காற்றுக்கு வேகம் போதாது. நீர்த்துளிகள் பெரும்பாலும் உறைநிலை உயரத்துக்குக் கீழேயே ஒன்றோடொன்று சேர்ந்து மழையாகிவிடுகின்றன. பனியும் ஆலங்கட்டியும் மோதிக்கொள்ள வேண்டிய உயரத்தில் வேலை அதிகம் நடப்பதில்லை. நேரமும் வேறு. தென்மேல் மழை இரவிலும் விடியற்காலையிலும் கடலிலிருந்து வந்து கரையை நனைக்கும். சித்திரை மழை கடிகாரம் பார்த்து மாலையில் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. அவர்கள் கொழும்பின் இந்த இரண்டு முகங்களையும் பழகச் சில ஆண்டுகள் எடுக்கும்.

இலங்கையில் மின்னலால் அதிகம் பேர் இறக்கும் மாதம் ஏப்ரல். இறப்பவர்களில் பெரும்பாலோர் நகரவாசிகள் அல்லர். வயலிலும் தோட்டத்திலும் திறந்த வெளியில் வேலை செய்கிறவர்கள், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்கள். மரத்தில் விழும் மின்னல் அடிமரத்திலிருந்து பக்கத்தில் நிற்பவர்மீது பாயும். தரைவழியாகப் பரவும் மின்னோட்டம் கால்களுக்கு இடையே ஓடியும் கொல்லும். கொழும்பில் 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரமும் கடற்கரையோர மாடிக் கட்டடங்களும் பல தாக்கங்களை வாங்கி, இடிதாங்கி வழியே தரைக்குள் அனுப்பிவிடுகின்றன. ஆனால் அவை நகரம் முழுவதற்கும் குடை பிடிக்கவில்லை. காலிமுகத்திடலின் புல்வெளியும், வெள்ளவத்தைத் தண்டவாளத்துக்கு அப்பால் உள்ள மணலும், மார்ச் மாதப் பாடசாலைக் கிரிக்கெட் போட்டிகள் நடக்கும் மைதானங்களும் திறந்த வெளிகளே. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீற்றர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் முகில் பத்துக் கிலோமீற்றருக்குள் நிற்கிறது. உள்ளே போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும். உச்சி சாய்ந்த முகிலிலிருந்து, மழை இல்லாத இடத்திலும் மின்னல் விழும் என்பதால், துளி விழும் வரை காத்திருப்பது மடமை.

ரப்பர் செருப்புப் பாதுகாக்கும் என்பது வெறும் நம்பிக்கை. கையடக்கத் தொலைபேசி மின்னலை இழுக்கும் என்பதும் அப்படியே. கம்பியோடு இணைந்த வீட்டுத் தொலைபேசிதான் ஆபத்து. உலோகக் கூடு உள்ள பஸ்ஸுக்குள்ளும் காருக்குள்ளும் இருப்பது நல்லது. முச்சக்கரவண்டிக்கு அந்தப் பெருமை கிடையாது. வீட்டில் தொலைக்காட்சியும் இணையப் பெட்டியும் கருகுவது பெரும்பாலும் நேரடித் தாக்கத்தால் அல்ல. தூரத்தில் எங்கோ மின்கம்பியிலோ அன்ரெனாவிலோ ஏறிய அலை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஆளியை அணைத்தால் போதாது. செருகியைக் கழற்ற வேண்டும், அதுவும் இடி தொடங்குமுன்.

இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கடலுக்கு மேலே சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருக்கும் வெளிச்சத்தைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. கரையைத் தாண்டிப் போன முகில்களோ, இரவில் தரைக்காற்று கடலை நோக்கி வீசும்போது அங்கே புதிதாய் எழுந்த முகில்களோ அவை. இடி பதினைந்து, இருபது கிலோமீற்றருக்கு அப்பால் பொதுவாகக் கேட்பதில்லை. வெளிச்சமோ நூறு கிலோமீற்றரும் வரும். மீன்பிடிப் படகில் இருப்பவர்களுக்கு அது வேடிக்கை அல்ல. முகிலின் அடியில் காற்று திடீரென்று வேகமெடுத்துக் கடல் கொந்தளிக்கும் என்பதாலேயே அறிவித்தல்களில் கடற்றொழிலாளருக்கு ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது.

இவ்வளவும் ஒழுங்கான நாளுக்குரிய கணக்கு. ஏப்ரல் கடைசியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று எழுந்தால் ஒழுங்கெல்லாம் குலைந்துவிடும். 2019 ஏப்ரல் இறுதியில் உருவாகி ஒடிசாவில் கரைகடந்த பானி புயல், தொடக்கத்தில் இலங்கைக்குத் தென்கிழக்கேயே இருந்தது. அப்படியான வேளைகளில் காற்றின் திசையை அந்தச் சுழற்சி தீர்மானிக்கிறது. உள்ளூர்க் கடற்காற்றுக்கு மதிப்பில்லை, மழை காலையிலும் வரலாம். கொழும்பு மறக்காத இரண்டு பெருமழைகள் சித்திரையில் வந்தவை அல்ல. 24 மணி நேரத்தில் 493.7 மில்லிமீற்றர் கொட்டிய 1992 ஜூன் மழையும், பாராளுமன்றத்தைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்த 2010 நவம்பர் மழையும் வேறு மாதங்களுக்குரியவை.

இடிமழை வெள்ளமாவது அளவால் அல்ல, வேகத்தால். கொழும்பு மாநகர எல்லை 37 சதுர கிலோமீற்றர் சொச்சம். அதன்மேல் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 18 இலட்சம் கன மீற்றர் நீர். கூரையும் தாரும் கொங்கிரீட்டும் அதில் ஒரு சொட்டையும் குடிப்பதில்லை. பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரத்திலேயே கான்களுக்குள் போக முண்டியடிக்கிறது. கான் வாயில் பிளாஸ்டிக் பை அடைத்திருந்தால் புறக்கோட்டையில் முழங்கால் அளவு தண்ணீர். இரவு எட்டு மணிக்கு அந்த இடமே காய்ந்துவிடும். கோட்டே, தலவத்துகொடை, கொலன்னாவைப் பக்கத்துச் சதுப்பு நிலங்கள் இந்த நீரைப் பிடித்து வைக்கும் இயற்கைத் தொட்டிகள். அவற்றுக்காகத்தான் 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ‘ஈரநில நகரம்’ என்னும் தகுதியைப் பெற்றது. அந்தச் சான்றிதழுக்கு முன்னும் பின்னும் சதுப்பு நிலத்தில் மண் நிரப்புவது நிற்கவில்லை என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

புத்தாண்டுக்கு மலையகம் செல்லும் ஆயிரக்கணக்கானோருக்கு இந்தப் புவியியல் நேரடியாகப் பயன்படும். கொழும்பிலிருந்து ஹட்டன் போகும் பஸ் அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாகப் போகிறது. இடிமழையின் பட்டறைக்கு ஊடாகவே பாதை. பயணம் ஐந்து மணி நேரத்தை ஒட்டிய ஒன்று. காலை ஆறு மணிக்குப் புறக்கோட்டையில் ஏறுகிறவர் முகில்கள் கட்டத் தொடங்குமுன் கினிகத்தேனைச் சரிவைத் தாண்டிவிடுவார். கடையைப் பூட்டி, பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கி, பிற்பகல் இரண்டு மணி பஸ்ஸைப் பிடிப்பவர், மழையும் மூடுபனியும் வழுக்கும் வளைவுகளும் ஒன்றாக வரும் நேரத்தில் மலை ஏறுகிறார். மண்சரிவு எச்சரிக்கைகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. பிற்பகல் பஸ்தான் கிடைக்கும் என்றால், ஏறுமுன் அந்தப் பட்டியலில் வழியில் உள்ள பிரிவுகளின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறலாம்.